இருபத்தெட்டாம் காணியின் வீரகத்தி

எங்கள் குடியேற்றத்தில் ஆண் பிள்ளைக்குப் பெயர் வைப்பது தாய் தகப்பனின் வேலையாக இருந்த காலம் மிகவும் குறுகியது. காடு வெட்டிய முதல் இரண்டு வருடம் மட்டும் அப்படி இருந்தது. பிறகு அந்த வேலையைக் குடியேற்ற அதிகாரியின் கந்தோர் எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசின் திறப்பு கந்தோர்ச் சுவரில் தொங்கியது, அவ்வளவுதான்.

நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஆனையிறவைத் தாண்டி வரும்போது எங்களிடம் மண்வெட்டி, கிடாரம், குலதெய்வத்தின் படம், பெரியவர்களின் பெயர்கள் ஆகியவை இருந்தன. முதல் பிறந்த பையன்களுக்கு அந்தப் பெயர்களைத்தான் வைத்தார்கள். வைரமுத்து, நாகநாதி, சின்னத்தம்பி என்று அவை கொஞ்சம் பழைய பெயர்கள். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மாற்றம் ஒன்பதாம் காணி அப்புத்துரை அண்ணையின் வீட்டில் தொடங்கியது. அவருக்கு நான்கு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்தான். பையன் பிறந்தால் கதிர்காம முருகனின் பெயரை வைப்பதாக அவர் நேர்ந்திருந்தார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, தலை மழித்து, கதிர்காமநாதன் என்று பெயர் சொன்னார்கள். குடியேற்ற அதிகாரியின் பெயரும் கதிர்காமநாதன் என்பது அப்புத்துரை அண்ணையின் நினைவில் இருக்கவில்லை. அவர் அதிகாரியை ஐயா என்றே கூப்பிட்டுப் பழகியவர். ஐயாவுக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

அதிகாரிக்குச் செய்தி போனது. அன்று பின்னேரமே ஜீப்பில் வந்து இறங்கினார். கதிரையில் இருந்து, பிள்ளையைக் கையில் வாங்கி, அதன் மழித்த தலையைத் தடவினார்.

"இவ்வளவு அன்பு வைச்சிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே, அப்புத்துரை."

அப்புத்துரை அண்ணை வாயைத் திறந்தார். முருகனின் பெயர் வாய் வரைக்கும் வந்தது. அப்போது அதிகாரி, "உம்மட காணிக்குத் தண்ணி எப்பிடி?" என்று கேட்டார். அப்புத்துரை அண்ணை வாயை மூடிக்கொண்டார்.

"முருகன் கோவிக்கமாட்டார். ஐயா கோவிப்பார்" என்று அவர் பிறகு எங்கள் அப்பாவிடம் சொன்னார்.

அந்தச் சிறுபோகத்தில் வயல்களுக்குத் தண்ணீர் விடும் வரிசையில் ஒன்பதாம் காணிக்கு முதல் முறை கிடைத்தது. எங்கள் கந்தோரில் காரணம் எழுதாமல் எதுவும் நடக்காது. தண்ணீர் முறையை மாற்றக் கட்டளை வேண்டும், கட்டளைக்குக் காரணம் வேண்டும், காரணத்தின் ஒரு பிரதி மாவட்டக் கச்சேரிக்குப் போக வேண்டும். அதிகாரியின் சாய்கதிரையை விறாந்தையின் மறுபக்கம் மாற்றியதற்கும் கச்சேரியில் ஒரு காரணம் இருக்கிறது. வெயில் என்று எழுதியிருக்கிறார்களாம். ஒன்பதாம் காணிக்கு எழுதிய காரணம், சமூக ஒத்துழைப்பு.

சமூக ஒத்துழைப்பு என்றால் என்ன என்பதைக் குடியேற்றம் ஒரு கிழமைக்குள் விளங்கிக்கொண்டது. அடுத்த மூன்று வருடத்தில், அப்புத்துரை அண்ணையின் மகனோடு சேர்த்து, பதினொரு பேர் கதிர்காமநாதன்கள். எங்கள் பதினேழாம் காணியில் என் தம்பியும் ஒருவன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தபோது வாத்தியார் கதிர்காமநாதன் என்று கூப்பிட்டால் பிள்ளைகள் இருந்த வாங்கு முழுவதும் எழும்பி நின்றது. கடைசியில் அவர் ஒவ்வொருவரையும் காணி இலக்கத்தால் கூப்பிட்டார். அடித்ததும் அப்படித்தான். "பதினேழு, கையை நீட்டு."

கிராம முன்னேற்றச் சங்கம் அதிகாரிக்கு ஒரு பாராட்டு விழா வைத்தது. தலைவர் அப்புத்துரை அண்ணை. பதினொரு பையன்களையும் மேடையில் நிறுத்தினார்கள். நிற்கத் தெரியாதவர்களைத் தாய்மார் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி பேசினார்.

"உத்தியோகம் போகும். ஓய்வூதியம்கூட ஒரு நாள் நின்றுபோகும். பெயர் நிற்கும். சிலர் நான் பாரபட்சம் காட்டுவதாகக் கச்சேரிக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு எல்லாக் கதிர்காமநாதன்களும் ஒன்றுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த விமலேஸ்வரி அக்கா மட்டும் தன் கணவரிடம், "மற்றப் பிள்ளையள் எத்தினையாம்?" என்று கேட்டார். யோகலிங்கம் அத்தான், "சும்மா இரு, மனிசி" என்றார். அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார்.

அவர்களுடையது இருபத்தெட்டாம் காணி. வாய்க்காலின் வால்பக்கம். மேலே உள்ளவர்கள் குடித்து, குளித்து, மாடு கழுவி, வயலுக்கும் பாய்ச்சிய பிறகு மிஞ்சுவது அங்கே போகும். அதற்கும் கீழே இன்னும் ஆறு காணிகள் உண்டு. அங்கே ஒன்றும் போகாது. அக்காவுக்குப் பையன் பிறக்க வேண்டும் என்று அந்த ஆறு காணிக்காரரும் நேர்த்தி வைத்தார்கள். பெயர் கதிர்காமநாதன் என்றால் தண்ணீர் இருபத்தெட்டு வரைக்கும் வரும். வந்தால் கொஞ்சம் வழியும்.

பையன் பிறக்க முன்னர் வெள்ளம் வந்தது. ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம். ஆண்கள் எல்லாரும் குளக்கட்டில் மண்மூட்டை அடுக்கப் போயிருந்தார்கள். விமலேஸ்வரி அக்கா தனியே வீட்டில் இருந்தார். முற்றத்தில் தண்ணீர் ஏறியபோது அவரிடம் இருந்தது ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டியும் அதற்குரிய மாடும்தான். அந்த மாட்டை யோகலிங்கம் அத்தான் அது நாம்பன் கன்றாக இருக்கும்போது ஊரில் வீரகத்திப் பிள்ளையார் கோயில் வீதியில் வாங்கினார். அதனால் அதற்குப் பெயர் வீரகத்தி. அக்கா அதைப் பூட்டிக்கொண்டு கண்டி றோட்டுப் பக்கம் போனார்.

வழியில் கந்தோர் ஜீப் அவரைத் தாண்டிப் போனது. அக்கா கையைக் காட்டினார். ஜீப்பில் ஒருவர் இருக்க இடம் இருந்தது. அந்த இடத்தில் தட்டெழுத்துப் பொறி இருந்தது. அதிகாரி அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மதகடியில் தண்ணீர் மாட்டின் கழுத்து வரைக்கும் வந்தது. திருக்கல் ஒருமுறை சரிந்து பிறகு நிமிர்ந்தது. வீரகத்தி நிற்கவில்லை. கண்டி றோட்டு மேட்டில் ஏறி, அங்கேயிருந்த பள்ளிக்கூட வாசலில்தான் படுத்தது. அக்காவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில், வெள்ளத்துக்கு ஒதுங்கியவர்களின் நடுவே, பையன் பிறந்தான். மாடு மூன்றாம் நாள் செத்தது. யோகலிங்கம் அத்தான் குளக்கட்டிலிருந்து சேறும் சகதியுமாக வந்து முதலில் பிள்ளையைப் பார்த்தார், பிறகு மாட்டைப் பார்த்தார், பிறகு வாசலில் இருந்து அழுதார்.

துடக்குக் கழிவன்று அப்புத்துரை அண்ணை சங்கத்தின் சார்பில் வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பெயர் தெரியும்தானே, பிள்ளை?"

"தெரியும். வீரகத்தி."

"அது மாட்டின்ர பெயரெல்லோ."

"ஓம்."

"விளையாடாதை மோனை. மாட்டின்ர பெயரை ஆரும் மனிசருக்கு வைப்பினமே?"

"ஐயாவின்ர பெயரை வைக்கினம்தானே" என்றார் அக்கா.

அப்புத்துரை அண்ணை சுற்றிலும் பார்த்தார். நல்ல காலத்துக்கு அங்கே எங்கள் வீட்டாரைத் தவிர யாரும் இல்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "மாட்டுக்கதை வெளியிலை வரவேண்டாம். கேட்டால் பாட்டன்ர பெயர் எண்டு சொல்லு. தண்ணியை நினை, பிள்ளை. உன்ர புருசனை நினை."

"என்ர புருசனைத்தான் நினைக்கிறன். அண்டைக்கு நான் மதகடியிலை அள்ளுப்பட்டுப் போயிருந்தால், அவர் இண்டைக்கு எந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறது?"

அப்புத்துரை அண்ணை எழும்பினார். வாழைப்பழச் சீப்பையும் எடுத்துக்கொண்டு போனார். அது சங்கத்தின் சொத்து.

அந்த வருடம் இருபத்தெட்டாம் காணிக்கு முறை கடைசியிலேயே இருந்தது. கடைசியில் இருப்பவரைக் கடைசியில் வைக்கக் கட்டளை தேவையில்லை. கதிர் வெளியே வரமுன்னர், குடலைப் பருவத்திலேயே பயிர் கருகியது. கீழே உள்ள ஆறு காணிக்காரரும் அக்காவோடு கதைப்பதை நிறுத்தினார்கள். அத்தான் காட்டில் விறகு வெட்டினார். அக்கா எங்கள் வீட்டில் நெல் குத்தித் தந்தார், எங்கள் அம்மா குறுநொய்யோடு கொஞ்சம் அரிசியும் போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் அம்மா, "பெயர்தானே விமலா. வீட்டிலை ஒரு பெயரைக் கூப்பிடு, கந்தோருக்கு ஒண்டைச் சொல்லன்" என்றார்.

"பொய்ப் பெயருக்கு வாற தண்ணியிலை விளைஞ்ச சோத்தை அவனுக்கு எப்பிடித் தீத்துறது, மாமி?" என்று அக்கா கேட்டார். உலக்கை ஒரு தரமும் பிசகவில்லை.

பிறகு கதிர்காமநாதன் ஐயாவுக்கு இடமாற்றம் வந்தது. ஜீப் வெள்ளத்தில் எங்கே போனது என்பதற்கு அவர் எழுதிய காரணம் கச்சேரிக்குப் போதவில்லை என்று கதைத்தார்கள். அவர் இடத்துக்குத் தில்லைநாதன் ஐயா வந்தார். வந்த முதல் கிழமையில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டார். ஒரு பையனைப் பெயர் கேட்டார். இன்னொருவனைக் கேட்டார். ஐந்தாவது பையனோடு நிறுத்திக்கொண்டு, முகம் சிவந்து கந்தோருக்குத் திரும்பினார்.

அடுத்த நாள் சங்கத்தின் அவசரக் கூட்டம்.

"எனக்குப் பெயரில் நம்பிக்கை இல்லை" என்று தில்லைநாதன் ஐயா பேசினார். "மனிதனை வேலையால் மதிப்பவன் நான். முன்னைய நிர்வாகத்தின் பெயர் இந்த மண்ணில் இவ்வளவு அடர்த்தியாக வளர்ந்திருப்பதைப் பார்க்கும்போது வாய்க்காலில் சல்வீனியாக் களை அடைத்ததுபோல் இருக்கிறது. யாரையும் நான் வற்புறுத்தவில்லை. மாற்ற விரும்பாதவர்கள் மாற்றாமல் இருக்கலாம். அவர்களுடைய காணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்."

பெயர் திருத்தும் வாரம் என்று ஒன்று நடந்தது. பதிவுகாரரைக் கிளிநொச்சியிலிருந்து கூட்டிவந்து சங்க மண்டபத்தில் இருத்தினார்கள். வாசலில் தோரணம் கட்டினார்கள். பதினொரு கதிர்காமநாதன்களும் தலையில் எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வாசலால் போய், தில்லைநாதன்களாக மறு வாசலால் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பணிஸ் கொடுத்தார்கள். என் தம்பி பணிஸைத் தின்றுவிட்டுத் திரும்பவும் முதல் வாசலால் போனான். பதிவுகாரர் அவனைப் பிடித்து, "நீ ஏற்கனவே மாறிட்டாய்" என்று சொல்லி அனுப்பினார்.

அப்புத்துரை அண்ணையின் மகனும் மாறினான். நேர்த்திப் பெயரை மாற்றுவது பாவம் என்று அவர் மனைவி அழுதார். "முருகன் இடமாற்றத்திலை போகமாட்டார். பிறகு சமாளிக்கலாம்" என்று அண்ணை சொன்னார்.

இருபத்தெட்டாம் காணிக்கும் ஆள் வந்தது. கந்தோர்க் கிளாக்கர் இளையதம்பி. மெலிந்த மனிதர். காதில் எப்போதும் பேனை.

"தங்கச்சி, உங்கட பெடியன் கதிர்காமநாதன் இல்லை. அதாலை உங்களிலை குற்றம் இல்லை. ஆனால் தில்லைநாதனும் இல்லை. ஐயா அதைத்தான் விளங்கேலாமல் யோசிக்கிறார். நீங்கள் எந்தப் பக்கம்?"

"வால்பக்கம்" என்றார் அக்கா.

முறை கடைசியிலேயே இருந்தது.

தில்லைநாதன் ஐயாவும் போனார். அறுபத்திரண்டில் மூன்றாவது அதிகாரி வந்தார். வயதானவர், ஓய்வு பெற அதிக காலம் இல்லாதவர். கந்தோர் வாசலில் பெயர்ப்பலகை மாட்டியபோது அதில் ஒரு எழுத்தும் புள்ளியும் மட்டும் இருந்தன. இளையதம்பி முழுப் பெயரைக் கேட்டார். அதிகாரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "வீரகத்தி" என்றார்.

இளையதம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்புத்துரை அண்ணை வீட்டுக்கு ஓடினார். அண்ணை துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இருபத்தெட்டாம் காணிக்கு வந்தார். இந்த முறை இரண்டு சீப்பு.

"பிள்ளை விமலேஸ்வரி, நீ கெட்டிக்காரி. நாலு வரியத்துக்கு முன்னமே பார்த்து வைச்சிருக்கிறாய். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அதிகாரி இருபத்தெட்டாம் காணிக்கு நேரில் வந்தார். பையன் நாலரை வயது, உடுப்பில்லாமல் முற்றத்தில் சேற்றில் இருந்தான். அவர் அவனைச் சேற்றோடு தூக்கினார். அவருடைய கண் கலங்கியது.

"கொழும்பிலை என்னோடை படிச்சவங்கள் இந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பாங்கள். பட்டிக்காட்டுப் பெயராம். முப்பது வரியமாய் நான் ஒரு எழுத்தோடை கையெழுத்து வைக்கிறன். என்ர பிள்ளையளே தங்கட பிள்ளையளுக்கு இதை வைக்கேல்லை. நீர் வைச்சிருக்கிறீர், தங்கச்சி."

அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்த மனிதரில் இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தால் உண்மை சொல்வது கடினம் என்று பிறகு எங்கள் அம்மாவிடம் சொன்னார்.

அதிகாரி கந்தோருக்குப் போய்க் கட்டளை சொன்னார். இருபத்தெட்டாம் காணிக்கு முதல் முறை. இளையதம்பி, "காரணம், சமூக ஒத்துழைப்பு எண்டு போடுவமே, ஐயா?" என்று கேட்டார்.

"வேண்டாம். உள்ளதை எழுதும். அதிகாரியின் பெயரைத் தாங்கும் குடும்பம். நான் முப்பது வரியம் ஒளிச்சது காணும்."

அப்படியே எழுதி, பிரதி கச்சேரிக்குப் போனது. தண்ணீர் வாய்க்கால் முழுவதும் ஓடி இருபத்தெட்டாம் காணிக்கு வந்தது. அக்கா கீழ்வரம்பை வெட்டி மற்ற ஆறு காணிக்கும் விட்டார். அந்த ஆறு வீட்டாருக்கும் அக்காவோடு கதைக்கத் திரும்பவும் ஞாபகம் வந்தது.

அதிகாரியின் வெட்கம் ஒரு மாதத்தில் போய்விட்டது. இரண்டாம் மாதத்தில் பெயர்ப்பலகை நீண்டது. மூன்றாம் மாதத்தில் வாய்க்காலுக்கு வீரகத்தி வாய்க்கால் என்று கல் நாட்டினார். அந்த வருடம் பிறந்த நான்கு பையன்களும் வீரகத்திகள். முன்னைய தில்லைநாதன்களும் மாறத் தயாரானார்கள். எங்கள் அப்பா தம்பிக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். தம்பி பணிஸ் உண்டா என்று கேட்டான்.

அதிகாரியின் பிறந்தநாளை வீரகத்தி விழாவாகக் கொண்டாட சங்கம் தீர்மானித்தது. முதல் வீரகத்தி மேடையில் ஏறி மாலை போட்டு, "நான் ஐயாவின் பெயரைக் கொண்டு பிறந்தவன்" என்று சொல்ல வேண்டும். அப்புத்துரை அண்ணை ஒரு கிழமை வந்து பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். பையன் வீட்டில் கோழிக்குத் தவிடு போடும்போதும் அதைச் சொன்னான். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார்.

"யோகம்" என்று அன்று அவர் கணவரிடம் சொன்னாராம். "நான் சொல்லப்போறன்."

"தண்ணி?"

"தெரியும்."

"அது என்ர மாடு" என்றார் அத்தான். "சொல்லு."

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. அதிகாரி பேசினார். "பெயர் வைப்பது மக்களின் உள்ளத்திலிருந்து வரவேண்டும். என் முன்னோடிகள் அதைத் தண்ணீரால் வாங்கினார்கள். எனக்கு அது தானாக வந்தது. அதனால்தான் நான் தண்ணீர் கொடுத்தேன்."

பையனை மேடையில் ஏற்றினார்கள். அவன் மாலையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஐயாவின்ர" என்று தொடங்கினான்.

"தம்பி, நில்" என்றார் விமலேஸ்வரி அக்கா. கடைசி வரிசையில் எழும்பி நின்றார். "ஐயா, குறை நினையாதையுங்கோ. இந்தப் பெயர் உங்களுக்கு வைச்சதில்லை."

"அவாவுக்குச் சுகமில்லை, ஐயா" என்றார் அப்புத்துரை அண்ணை.

"எனக்குச் சுகம்தான். வீரகத்தி எங்கட மாடு. வெள்ளத்துக்கை என்னைத் திருக்கலிலை இழுத்துக்கொண்டு வந்து கண்டி றோட்டிலை விட்டுட்டுச் செத்தது. கந்தோர் ஜீப் என்னைத் தாண்டிப் போனது. அதுக்காக வைச்ச பெயர். அவன் அதை மாத்திச் சொன்னால் அது பொய். பெடியனுக்கு நான் குடுத்த முதல் சாமான் அதுதான்."

"மாடா?" என்றார் அதிகாரி.

"ஓம், ஐயா. நல்ல மாடு."

பையன் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு மேடையால் இறங்கி வந்தான்.

அதிகாரி கந்தோருக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு நடந்ததை இளையதம்பியே வாய் ஓயும்வரை எல்லார் வீட்டிலும் சொன்னார்.

"இருபத்தெட்டாம் காணியின்ர முதல் முறையை வெட்டும்."

"ஓம், ஐயா. காரணம்?"

"சமூக ஒத்துழைப்பின்மை."

"அது காணாது, ஐயா. முதல் கட்டளையிலை காரணம் போட்டிருக்கு, அதிகாரியின் பெயரைத் தாங்கும் குடும்பம் எண்டு. அதை வெட்டுறதெண்டால் அது ஏன் பிழை எண்டு எழுத வேணும். கச்சேரியிலை கேட்பினம்."

அதிகாரி அறையைச் சுற்றி நடந்தார்.

"எழுதும். மேற்படி பெயர் அதிகாரியுடையது அன்று."

"அப்ப ஆரின்ர பெயர் எண்டு கேட்பினம், ஐயா."

இளையதம்பி பேனையைக் காதிலிருந்து எடுத்து, மை தொட்டு, காத்திருந்தார். கடைசியில் அதிகாரி, "விடும்" என்றார்.

கட்டளை வெட்டப்படவில்லை. அந்த அதிகாரி ஓய்வு பெற்ற பிறகும், அதற்குப் பிறகு வந்தவர் காலத்திலும், இருபத்தெட்டாம் காணிக்கு முதல் முறைதான். வெட்டுவதற்குரிய காரணத்தை எழுத எவரும் துணியவில்லை. கீழ்வரம்பு இன்றைக்கும் வெட்டியபடி இருக்கிறது.

பெயர் அடுத்த நாளே விழுந்தது. நான்கு கைக்குழந்தைகளின் தாய்மாரும் பதிவுகாரரைத் தேடிக் கிளிநொச்சிக்குப் போனார்கள். மாட்டுப் பெயரைத் தங்கள் பிள்ளைக்கு வைக்க அவர்கள் பைத்தியமா? அப்புத்துரை அண்ணை தன் மகனைத் திரும்பவும் கதிர்காமநாதன் ஆக்கினார். முருகனுக்கு இரண்டு நேர்த்தி கொடுத்தார். எங்கள் அப்பா தைத்த வெள்ளைச் சட்டை வீணானது. தம்பி எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை. பதினேழு என்றால் மட்டும் பார்ப்பான்.

அடுத்த தையில் வீரகத்தி பள்ளிக்கூடம் போனான். வாத்தியார் பெயர் கூப்பிட்டபோது மண்டபத்தில் அவன் ஒருவன்தான் எழும்பி நின்றான். மற்றப் பையன்கள் கையைக் கொம்புபோல் வைத்துக்கொண்டு மாடு மாதிரிக் கத்தினார்கள். தானும் கத்தியதாகத் தம்பி என்னிடம் ஒப்புக்கொண்டான்.

பின்னேரம் அவன் வீட்டுக்குப் போகும்போது அக்கா படலையில் நின்றார். செய்தி முன்னமே வந்திருந்தது.

"கத்தினவங்களாம்?"

"ஓம்."

"நீ என்ன செய்தனி?"

"நானும் கத்தினன்" என்றான் வீரகத்தி. "என்ரைதான் கூடக் கேட்டது."